மெட்டாலிக்கா சவுண்டு மாறியது எந்த ஆல்பத்தில்? ‘லோட்’ மேல் மட்டும் ஏன் இவ்வளவு கோபம்?

#1 பழையகேசட்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைகாப்பு. அக்கா மகன் மெட்டாலிக்கா (கனமான கிட்டார் ராக் வாசிக்கும் அமெரிக்க மெட்டல் பேண்டு) டி-ஷர்ட்டோடு பந்தியில் உட்கார்ந்திருந்தான். கல்லூரி இரண்டாம் வருடம். எந்த ஆல்பம் பிடிக்கும் என்று பேச்சுக் கொடுத்தேன். “எல்லாமே பிடிக்கும் மாமா, லோட் மட்டும் கேட்கறதில்லை. அதுலதான் பேண்டு விலை போயிடுச்சு” என்றான். ‘லோட்’ வந்தது 1996 ஜூனில். இவன் அப்போது பிறக்கவே இல்லை. நாங்கள் அன்றைக்குப் பட்ட கோபம் பித்ருக் கடன் மாதிரி இவன் தலையிலும் இறங்கியிருக்கிறது.

என் கட்சி இது: சவுண்டு மாறியது 1996-ல் இல்லை, 1991-ல். கறுப்பு அட்டை போட்ட அந்த ‘மெட்டாலிக்கா’ ஆல்பத்தில். 1996-ல் மாறியது முடியும் லோகோவும்தான்.

அதற்கு முந்தைய ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ (1988) கேட்டவர்களுக்குத் தெரியும். தலைப்புப் பாட்டு மட்டும் ஒன்பதே முக்கால் நிமிடம். ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) காதில் உட்காருவதற்குள் அடுத்தது வந்துவிடும். டூரில் அந்தப் பாட்டை முடித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கும்போது, இனி இதை வாசிக்கவே கூடாது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டதாக கிட்டாரிஸ்ட் கிர்க் ஹாமெட்டே பிறகு சொல்லியிருக்கிறார். வாசிக்கிறவர்களுக்கே மூச்சு வாங்கியிருக்கிறது.

அப்புறம்தான் தயாரிப்பாளராக பாப் ராக் வருகிறார். மாட்லி க்ரூ பேண்டின் ‘டாக்டர் ஃபீல்குட்’ ஆல்பத்தைச் செய்தவர். அதில் டிரம்ஸின் கனத்தைக் கேட்டுத்தான் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் அவரைத் தேடிப் போனார். 1990 அக்டோபரிலிருந்து அடுத்த வருடம் ஜூன் வரை லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிப்பதிவு. மூன்று தடவை மிக்ஸிங், செலவு பத்து லட்சம் டாலர். அதுவரை ஆளுக்கொரு நாள் தனித்தனியாக வாசித்துப் பதிந்தவர்களை ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க வைத்தார் ராக்.

‘என்டர் சாண்ட்மேன்’ ரிஃப் ஒன்றே போதும் சாட்சிக்கு. ஹாமெட் அதை எழுதியபோது முதல் துண்டு ஒரு தடவை, வால் துண்டு ஒரு தடவை என்று இருந்தது. முதல் துண்டை மூன்று தடவை வாசித்துவிட்டு அப்புறம் வாலுக்குப் போ என்றார் லார்ஸ். அவ்வளவுதான் மாற்றம். ‘ஜஸ்டிஸ்’ காலத்தில் அந்த ரிஃப் பிறந்திருந்தால் நாற்பது விநாடியில் காணாமல் போயிருக்கும். 1991-ல் அதை வைத்தே ஒரு பாட்டு முழுக்கக் கட்டிவிட்டார்கள். அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது அந்த ஆல்பம்.

இதைவிடப் பெரிய திருப்பம் ‘லோட்’டில் என்ன நடந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கறுப்புச்சட்டை

ஒத்துக்கொள்ள மாட்டேன். பிளாக் ஆல்பம் மெதுவாக இருக்கிறது, சரி. ஆனாலும் அது மெட்டல். ‘சாட் பட் ட்ரூ’ ஆரம்பத்தை நல்ல ஸ்பீக்கரில் வைத்துப் பாருங்கள், மாடியில் காயப்போட்ட வடகம் ஆடும். வேகம் குறைந்தது, கனம் குறையவில்லை.

‘லோட்’ வேறு ஜாதி. முடி வெட்டிக்கொண்டதற்காக யாரும் அழவில்லை, அது அவர்கள் தலை. உள்ளே புகைப்படத்தில் கண்ணுக்கு மை, கையில் சுருட்டு. அட்டையில் ஆண்ட்ரெஸ் செரானோவின் படம்: இரண்டு பிளாஸ்டிக் கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மாட்டு ரத்தமும் அவருடைய சொந்த விந்தும். கூரான கொம்பு வைத்த பழைய லோகோவைச் சீவி எடுத்துவிட்டார்கள். அதே வருடம் லொல்லபலூசா விழாவில் தலைமை பேண்டு. மாற்று ராக் கூட்டம் எங்கே கூடுகிறதோ அங்கே போய்ப் பந்தி விரித்தார்கள். பாட்டாவது தேறுமா என்றால் ‘மாமா செட்’ நாட்டுப்புற கன்ட்ரி. ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ போட்ட அதே கை! கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை.

அந்த மையும் அட்டைப் படமும் தனக்குப் பிடிக்கவே இல்லை என்று பாடகரும் கிட்டாரிஸ்டுமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டே பல வருடம் கழித்துப் பேட்டியில் சொன்னார். லார்ஸும் கிர்க்கும் இழுத்தார்கள், கூடப் போனேன் என்கிற தோரணை. பாடினவருக்கே ஒப்பவில்லை, நான் ஏன் ஒப்ப வேண்டும்?

#3 புதுக்காது

நான் இந்தப் பக்கம் வந்ததே 2022-ல், ஒரு நெட்ஃபிளிக்ஸ் தொடரில் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ கேட்டுத்தான். என் போனில் எல்லா ஆல்பமும் கலந்து ஓடும். எது எந்த வருடம் என்றே தெரியாமல் கேட்கிறேன். ‘ப்ளீடிங் மீ’ பிடித்திருந்தது. அது ‘லோட்’ என்று இப்போதுதான் தெரிகிறது. தப்பு செய்துவிட்டேனா அண்ணா?

#4 கீழடி கிட்டார்

தம்பி, தப்பே இல்லை. நல்ல காது.

பழையகேசட் சார், உங்கள் வாதத்தில் பாதிதான் சரி. ‘லோட்’டில் மாறியது முடி மட்டும் இல்லை. இருபது வருடமாக மேடைக் கச்சேரிகளில் ரிதம் கிட்டார் (பாட்டைத் தாங்கும் அடிப்படை வாசிப்பு) வாசிக்கிறவன் என்பதால் எனக்கு அது முதல் பாட்டிலேயே உறுத்தியது. என்ன என்று பிடிபட ரொம்ப நாள் ஆனது.

1983-லிருந்து 1991 வரை வந்த ஐந்து ஆல்பத்திலும் நீங்கள் கேட்கும் ரிதம் கிட்டார் ஹெட்ஃபீல்ட் ஒருவருடைய கை. மேடையில் இரண்டு பேர் வாசிப்பார்கள். ஸ்டுடியோவில் ஹாமெட்டுக்கு சோலோ மட்டும். ஹெட்ஃபீல்ட் ஒரு ரிஃப்பை முழுக்க வாசித்து இடது காதுக்குப் பதிவார், அதையே அச்சு அசலாக இன்னொரு தடவை வாசித்து வலது காதுக்குப் பதிவார். சில இடத்தில் நடுவில் மூன்றாவது. எங்கள் அம்மா இழைக்கோலம் போடும்போது மாவு நனைத்த துணியை விரலிடுக்கில் பிடித்து ஒரு இழை இழுத்து, அதன் பக்கத்திலேயே முடி அளவு இடைவெளியில் அடுத்த இழை இழுப்பார்கள். இரண்டும் ஒரே கை என்பதால் வளைவு பிசகாது. வேறு ஆள் இழுத்தால் உடனே தெரியும். அந்தப் பழைய மெட்டாலிக்கா சுவர் இதுதான்: ஒரே கை, இரண்டு இழை, எல்லா அடியும் மேலிருந்து கீழே. ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ரிஃப்பைக் கீழடியாகவே ஐந்து நிமிடம் வாசித்துப் பாருங்கள், முன்னங்கை கல்லாகிவிடும். என் பெயருக்குக் காரணம் அகழாய்வு என்று நினைத்தவர்களுக்காகவும் சொல்லிவிட்டேன்.

‘லோட்’டில்தான் முதன்முதலாக ஹாமெட் ஸ்டுடியோவில் ரிதம் வாசித்தார். இயர்போனில் கேளுங்கள். இரண்டு காதிலும் ஒரே ரிஃப் அச்சாக வராது. ஒருவர் தடித்த கார்டு (பல ஸ்வரம் சேர்ந்த பிடி) பிடித்தால் மற்றவர் மெல்லிசாக ஏதோ நிரப்புவார். ஒருவர் துல்லியமாக வெட்டினால் மற்றவர் கொஞ்சம் பின்னால் இழுத்து ப்ளூஸ்காரர் மாதிரி சாய்வார். சுவர் இருந்த இடத்தில் ஜன்னல் வந்துவிட்டது. காற்று வருகிறது என்கிறவர்களுக்கு ‘லோட்’ பிடிக்கும். சுவர் எங்கே என்று தேடுகிறவர்களுக்கு எரிச்சல்.

சுருதியும் இறங்கியது. நம்ம ஊர் கணக்கில் சொன்னால், அதுவரை பெரும்பாலும் 3 கட்டை. ‘சாட் பட் ட்ரூ’ 2 கட்டை, அதுவும் பாப் ராக் கேட்ட கேள்வியால் வந்தது: எல்லாப் பாட்டும் ஒரே சுருதியில் இருக்கிறதே, ஏன்? கிட்டாரில் இருப்பதிலேயே கீழ் ஸ்வரம் அதுதானே என்றார்களாம் இவர்கள். தந்தியைத் தளர்த்தலாமே என்றார் அவர். ‘லோட்’ பெரும்பாலும் 2½ கட்டை. ஹெட்ஃபீல்ட் அதற்குள் கத்துவதை விட்டுப் பாடத் தொடங்கிவிட்டார், தொண்டைக்கும் அது சௌகரியம்.

ஆக, 1991-ல் பாட்டைக் கட்டும் விதம் மாறியது. 1996-ல் வாசிக்கும் கை மாறியது. காது இரண்டாவதைத்தான் துரோகம் என்று எடுத்துக்கொண்டது.

#5 நாலாம்தந்தி

கிட்டார்காரர்கள் கிட்டாரைப் பற்றியே பேசுவீர்கள். பேஸ் கிட்டார் வாசிக்கிறவன் சார்பில் ஒரு மனு.

சவுண்டு மாறியது 1988-ல். பேஸ் வாசித்த க்ளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் விபத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் இடத்துக்கு ஜேசன் நியூஸ்டெட் வந்தார். வந்தவரை ‘ஜஸ்டிஸ்’ ஆல்பத்தில் தேடிப் பாருங்கள். கிடைக்க மாட்டார். நல்ல ஹெட்போன் வாங்கியதும் நான் செய்த முதல் வேலை அது. கிட்டாரும் கிக் டிரம்மும் சேர்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன, பேஸ் எங்கோ பக்கத்து வீட்டில் வாசிக்கிற மாதிரி. மிக்ஸ் செய்தவர்களைக் கேட்டால், லார்ஸ் குறைக்கச் சொன்னார் என்கிறார்கள்.

மற்ற பேண்டுகளில் டிரம்ஸும் பேஸும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. மெட்டாலிக்காவில் லார்ஸ் ஜேம்ஸின் கிட்டாரைத்தான் பார்த்துக்கொண்டு வாசிப்பார். பேஸ் கூடவே வரும் மச்சினன். பாப் ராக் வந்து இதை மாற்றினார். 1991-ல் அந்த ‘கனம்’ என்று நீங்கள் சொல்கிறீர்களே, அது கிட்டார் இல்லை. முதல் தடவையாக நியூஸ்டெட் காதில் விழுகிறார், அவ்வளவுதான்.

‘லோட்’டுக்கு என் ஓட்டு. அதில் பேஸுக்கு வீடே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

#6 இரட்டைமிதி

டிரம்மர் வந்துவிட்டேன், ஒதுங்குங்கள்.

‘லோட்’டைத் திட்டுகிறவர்கள் யாரும் ‘செயின்ட் ஆங்கர்’ (2003) முழுசாகக் கேட்டிருக்க மாட்டார்கள். சவுண்டு மாறியது என்றால் அது மாறியது. சுருதி 1 கட்டைக்கு இறங்கியது. கிட்டார் சோலோ ஒன்றுகூட இல்லை. 75 நிமிடம், 11 பாட்டு. அப்புறம் அந்த ஸ்னேர்.

தெரியாதவர்களுக்கு: ஸ்னேர் டிரம்மின் அடித்தோலை ஒட்டி மெல்லிய கம்பிச் சுருள் வரிசை ஒன்று இருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன லீவர். அதைத் தட்டிவிட்டால் கம்பி தோலை விட்டு விலகிவிடும். கம்பி ஒட்டியிருந்தால் அடி ‘ட்ஷக்’ என்று வெட்டும். விலகினால் ‘டாங்’ என்று ஒலிக்கும், காலி எண்ணெய் டின்னை மொட்டை மாடியில் வைத்துத் தட்டியது மாதிரி. லார்ஸ் ஒரு நாள் அந்த லீவரைப் போட மறந்து வாசித்தார், கேட்டால் பிடித்துப்போயிற்று, ஆல்பம் முழுக்க அப்படியே விட்டுவிட்டார். திமிர் என்றால் இது.

எனக்கும் ஒரு தடவை நடந்தது. கல்லூரி விழாவுக்கு வாடகைக்கு எடுத்த செட்டில் அந்த லீவர் உடைந்திருந்தது. மேடையேறிய பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது பாட்டில் முன்வரிசையிலிருந்து ஒரு பேராசிரியர் திரும்பி, “கேன்டீன்ல யாருப்பா அண்டா கழுவுறது” என்று கேட்டார். லார்ஸ் அதைக் காசு கொடுத்துச் செய்தார், நான் இலவசமாகச் செய்தேன்.

ஆனால் அந்த ஆல்பத்தை நான் வெறுக்கவில்லை. அது எந்த நிலைமையில் பிறந்தது என்று பாருங்கள். 2001 ஜனவரியில் நியூஸ்டெட் விலகிவிட்டார். ஜூலையில் ஹெட்ஃபீல்ட் குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுக்கப் போய்விட்டார். திரும்பி வந்ததும் மதியம் 12 முதல் 4 மணி வரைதான் வேலை, அதற்குமேல் நான் இல்லாதபோது நீங்களும் டேப்பைப் போட்டுக் கேட்கக் கூடாது என்று நிபந்தனை. மாதம் 40,000 டாலருக்கு ஃபில் டவுல் என்று ஒரு ஆலோசகர் நடுவில் உட்கார்ந்து பஞ்சாயத்து. பேஸ் வாசிக்க ஆள் இல்லாமல் தயாரிப்பாளர் பாப் ராக்கே வாசித்தார். மணிக்கணக்காக வாசித்துத் தள்ளியதைக் கம்ப்யூட்டரில் துண்டு துண்டாக வெட்டி ஒட்டிப் பாட்டாக்கினார்கள். இவ்வளவையும் கேமரா வைத்து எடுத்து 2004-ல் ஆவணப்படமாகவும் வெளியிட்டார்கள். நம் வீட்டில் சொத்துத் தகராறு வந்தால் ஜன்னலைச் சாத்துவோம், இவர்கள் டிக்கெட் போட்டார்கள்.

ஒரு உபயம்: அந்த சிடியோடு ஒரு டிவிடி வந்தது. புதிதாகச் சேர்ந்த ராபர்ட் ட்ருஹியோவோடு எல்லாப் பாட்டையும் ஒத்திகை அறையில் நேராக வாசித்திருப்பார்கள். ஆல்பத்தைவிட அது எவ்வளவோ மேல். வெட்டி ஒட்டியதற்கும் வாசித்ததற்கும் உள்ள தூரம் அங்கே தெரியும்.

#7 பழையகேசட்

கீழடி சொன்னதை ராத்திரி இயர்போன் வைத்துச் சோதித்தேன். ‘2 பை 4’ பாட்டில் இடது காதை மட்டும், அப்புறம் வலது காதை மட்டும். ஆமாம். இருபத்தைந்து வருடமாகக் கேட்ட பாட்டில் இரண்டு ஆள் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. ‘1996-ல் மாறியது முடியும் லோகோவும்தான்’ என்று நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனாலும் கறுப்புச்சட்டை அவர்களே, ‘விலை போய்விட்டார்கள்’ என்ற வார்த்தை 1996-ல் பிறந்தது இல்லை. 1984-ல் ‘ரைட் தி லைட்னிங்’ ஆல்பத்தில் ‘ஃபேட் டு பிளாக்’ வந்தபோதே, மெட்டல் பேண்டு எப்படி அகூஸ்டிக் கிட்டார் எடுக்கலாம் என்று சண்டை. இன்றைக்கு அதை யாராவது குறை சொன்னால் நீங்களே அடிக்க வருவீர்கள்.

#8 கறுப்புச்சட்டை

‘ஃபேட் டு பிளாக்’ பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது.

‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ பற்றி வேண்டுமானால் பேசலாம். காதல் பாட்டு, அதன் பின்னால் மைக்கேல் கேமன் எழுதிய வயலின் கூட்டம். சரிவு அங்கே ஆரம்பித்தது என்றால் பாதி ஒத்துக்கொள்வேன்.

#9 கீழடி கிட்டார்

அந்தப் பாட்டின் ஆரம்பத்தை என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுவேன். ஆறாவது தந்தி, மூன்றாவது, இரண்டாவது, முதல் தந்தி, திரும்பி இரண்டு, மூன்று. இடது கைக்கு வேலையே இல்லை. ஏன் தெரியுமா? ஹெட்ஃபீல்ட் அதைக் கண்டுபிடித்தபோது இடது கையில் போன் இருந்தது. காதலியோடு பேசிக்கொண்டே சும்மா இருந்த வலது கையால் திறந்த தந்திகளைத் தடவிக்கொண்டிருந்தார். பேண்டுக்கென்று எழுதியதே இல்லை, தனக்காக வைத்திருந்தார். லார்ஸ் கேட்டு இழுத்து வந்தார். ஒலிப்பதிவில் சோலோவும் ஹெட்ஃபீல்ட்தான், ஹாமெட் அதில் வாசிக்கவே இல்லை.

சரிவோ என்னவோ, என்னிடம் வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தத் திறந்த தந்தி வழியாகத்தான் ‘பேட்டரி’ மாதிரி வேகமான பாட்டு வரைக்கும் போனார்கள்.

#10 பெங்களூர்2011

2011 அக்டோபர் 30, பெங்களூரு அரண்மனை மைதானம். இரண்டு நாள் முன்னால் குர்கானில் நடக்க இருந்தது கடைசி நேரத்தில் ரத்தானது. அதனால் எங்களுக்கு வயிற்றில் புளி. சேலத்திலிருந்து ஐந்து பேர் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம், இங்கேயும் ரத்தானால் நந்தி மலையாவது பார்த்துவிட்டு வருவோம் என்று ஒருவன் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தான்.

நானும் கறுப்புச்சட்டை கட்சிதான் அப்போது. 1988-க்கு அப்புறம் எதையும் ஏற்பதில்லை என்று வைராக்கியம். வேகமான பாட்டு வந்தால் தலை ஆடும், மெதுவான பாட்டு வந்தால் தண்ணீர் குடிக்கப் போவேன் என்று திட்டம். ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ ஆரம்பித்தது. திட்டப்படி திரும்பினேன். திரும்ப முடியவில்லை, கூட்டம் சுவர் மாதிரி. பக்கத்தில் ஐம்பது வயது இருக்கும் ஒருவர், ஆபீஸ் சட்டை, பாக்கெட்டில் பேனா. எதற்கு வந்தார் என்றே தெரியாத தோற்றம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் பாடுகிறார். என் நண்பன் ஒருவன், ஊரில் அந்தப் பாட்டை ‘சோப்பு விளம்பரம்’ என்று கிண்டல் செய்தவன், அவர் தோளில் கை போட்டு அவனும் பாடுகிறான்.

நான் பாடினேனா என்று கேட்காதீர்கள். மறுநாள் காலை சேலம் பஸ் ஸ்டாண்டில் டீ கேட்கத் தொண்டையில் சத்தம் வரவில்லை.

#11 புதுக்காது

அண்ணா, ‘செயின்ட் ஆங்கர்’ ஆல்பத்துக்கு அப்புறம் ‘டெத் மாக்னெட்டிக்’ வந்ததே, அதில் பழைய சவுண்டு திரும்பிவிட்டது என்கிறார்களே?

#12 இரட்டைமிதி

2008. பழைய குருடி கதவைத் திறடி. தயாரிப்பாளர் ரிக் ரூபின், ‘மாஸ்டர்’ காலத்து ஆட்களாக உங்களை நினைத்துக்கொண்டு வாசியுங்கள் என்றார், வாசித்தார்கள். ஸ்னேர் கம்பி திரும்ப வந்தது, சோலோ திரும்ப வந்தது, எனக்கு சந்தோஷம். சத்தத்தை ஏற்றி ஏற்றி, டிரம்ஸ் அடிக்கும் இடமெல்லாம் ஒலி கிழிகிற அளவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், அதுதான் கொடுமை. ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் வந்த அதே பாட்டுகள் தெளிவாக இருந்தன. ரசிகர்கள் சிடியை வைத்துவிட்டு விளையாட்டிலிருந்து பாட்டை உருவிக் கேட்டார்கள். உலகத்தில் வேறெந்த பேண்டுக்கும் இந்தப் பாக்கியம் கிடைத்திருக்காது.

#13 கறுப்புச்சட்டை

எல்லோரும் சேர்ந்து என்னை வில்லனாக்கிவிட்டீர்கள். சரி, ‘லோட்’டை நான் கேட்காமல் திட்டவில்லை, அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 1996-ல் எங்கள் ஊரில் சிடி போட்டுக் கேசட்டில் பிடித்துத் தரும் கடை ஒன்று இருந்தது. அங்கே கொடுத்துப் பிடித்து, தேயத் தேயக் கேட்டுத்தான் திட்டுகிறேன். நேற்று அந்தக் கேசட்டை அட்டாலியிலிருந்து எடுத்தேன். கடைக்காரர் கையெழுத்தில் பாட்டுப் பட்டியல்கூட இருக்கிறது. ஏ பக்கம் ‘ஹீரோ ஆஃப் தி டே’யில் முடிகிறது. பி பக்கம் ‘மாமா செட்’. அதோடு சரி. கன்ட்ரி பாட்டில் முடிகிற மெட்டாலிக்கா ஆல்பத்தை நான் எப்படி மதிக்க முடியும், சொல்லுங்கள்.

#14 பழையகேசட்

ஒரு நிமிடம். ‘மாமா செட்’டோடு முடிகிறதா?

அது என்ன கேசட்? 60-ஆ, 90-ஆ?

#15 கறுப்புச்சட்டை

60.

#16 பழையகேசட்

ஐயா, உங்கள் கடைக்காரர் உங்களை முப்பது வருடமாக ஏமாற்றியிருக்கிறார்.

‘லோட்’ மொத்தம் 14 பாட்டு, 79 நிமிடத்துக்கு ஒரு விநாடி குறைவு. நான் எப்போதும் 90 கேசட்தான் கொடுப்பேன். உங்களுடையதில் பக்கத்துக்கு 30 நிமிடம். முதல் ஐந்து பாட்டும் சேர்ந்து 27 நிமிடம். ஆறாவது ‘ஹீரோ ஆஃப் தி டே’ நாலு நிமிடம் சொச்சம், ஆகவே அது முடியும் முன்பே டேப் முடிந்திருக்கும். சரிதானே? அந்தப் பாட்டின் பின்பகுதியில்தான் டபுள் பேஸ் (இரண்டு காலாலும் மிதிக்கும் டிரம்) உருண்டுகொண்டு வரும். சாதுவாக ஆரம்பித்து அங்கே போய் வெடிக்கிற பாட்டு. நீங்கள் கேட்டது சாது பாதி. பி பக்கத்தில் ‘ப்ளீடிங் மீ’யிலிருந்து ‘மாமா செட்’ வரை ஐந்து பாட்டு, இருபத்தாறரை நிமிடம். அடுத்தது ஐந்தே முக்கால் நிமிடத்துக்கு மேல், இடம் பற்றாது. கடைக்காரர் அங்கேயே நிறுத்தி, காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

‘தார்ன் விதின்’, ‘ரோனி’, ‘தி அவுட்லா டார்ன்’. மூன்று பாட்டு, 21 நிமிடம் உங்களிடம் இல்லை.

#17 நாலாம்தந்தி

‘அவுட்லா டார்ன்’ இல்லாமலா? அந்த ஆல்பத்தில் பேஸுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள் என்று சொன்னேனே, அந்த வீடே அதுதான்!

கறுப்புச்சட்டை, அந்தப் பாட்டுக்கு நடந்த அநியாயம் உங்களோடு ஆரம்பிக்கவில்லை. சிடியில் இடம் பற்றாமல் அவர்களே அதன் வாலில் சுமார் ஒரு நிமிடத்தை வெட்டினார்கள். அடுத்த வருடம் ‘தி மெமரி ரிமெய்ன்ஸ்’ சிங்கிளில் முழுசும் வந்தது, கிட்டத்தட்ட பத்தே முக்கால் நிமிடம். ‘உற்பத்திக் கட்டுப்பாடுகளின் தொல்லை இல்லாத வடிவம்’ என்கிற மாதிரி நக்கலாகப் பெயர் வைத்திருந்தார்கள். நீங்கள் அதையே கேளுங்கள். வரிகள் வரும் இடங்களில் கிட்டார் ஒதுங்கி நிற்கும், நியூஸ்டெட் தனியாக நடப்பார். கடைசியில் பாட்டு முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள், அதற்கு மேலும் நாலு பேரும் நிறுத்த மனசில்லாமல் வாசித்துக்கொண்டே போவார்கள். 1999-ல் சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பனியோடு செய்த கச்சேரிகளிலும் இதை வாசித்தார்கள், அது அடுத்த கட்டம்.

#18 கீழடி கிட்டார்

இயர்போன் வைத்துக் கேளுங்கள் சார். காது காதாக.

#19 கறுப்புச்சட்டை

கேட்டேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, மொட்டை மாடியில், இயர்போனில்.

‘அவுட்லா டார்ன்’ இரண்டு தடவை. அந்த நீள வடிவம்தான். முதல் தடவை கேட்கும்போது கீழடி சொன்ன இரண்டு கையைத் தேடினேன், கிடைத்தது. இரண்டாவது தடவை எதையும் தேடவில்லை. அது முடிந்து கொஞ்ச நேரம் தண்ணீர்த் தொட்டி மேல் சும்மா உட்கார்ந்திருந்தேன். 1996-ல் என் கேசட்டில் இது கடைசிப் பாட்டாக இருந்திருந்தால் என்று யோசித்தேன். அதற்கு மேல் எழுத மாட்டேன், நீங்கள் இளக்காரமாகப் பேசுவீர்கள். ‘ஹீரோ ஆஃப் தி டே’ முழுசும் கேட்டேன். டபுள் பேஸ் வருகிறது. பழையகேசட் கணக்கு சரி.

அந்த மையும் அட்டைப் படமும் எனக்கு இன்னமும் பிடிக்கவில்லை. ‘மாமா செட்’டும் பிடிக்கவில்லை. ‘தார்ன் விதின்’ பரவாயில்லை. ‘ரோனி’யைப் பொறுத்தவரை கடைக்காரர் செய்ததே சரி.